தவறியவர் ஆசிரியராகலாமா?

பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை எத்தகையவரிடம் ஒப்படைக்கலாம் என்னும் வினாவைக் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாளில் தேர்வுத்தாளில் சந்தித்ததுண்டு. விடை எழுதுவது எளிதாகவே இருந்தது. நற்சான்று உடையவர், நல்லொழுக்கத்தில் நிலைத்தவர், பிறர் இடறி விழக் காரணமாகாதவர் என்று வரிசைப்படுத்தி எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆண்டுகள் பல கழிந்தபின் அதே வினா, உயிருள்ள இரு மனிதர்களின் உருவில் நம் அறைவாயிலில் வந்து நின்றது.

பங்கிலுள்ள சிறாருக்கு இசை கற்பிக்க ஒருவர் தேவைப்பட்டார். இருவர் வந்தனர். ஒருவர் இசைத் தேர்வில் தேறிய சான்றிதழைக் கொண்டுவந்திருந்தார். மற்றவரிடம் சான்றிதழ் இல்லை, விரல்கள் இருந்தன. ஆர்மோனியக் கட்டைகளின்மேல் அவர் கை வைத்ததும் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மையார் துடைப்பத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தாம் பல்லாண்டு குடியில் கிடந்தவர் என்பதையும், விட்டு இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் நாம் கேளாமலே அவர் சொன்னார். நாம் முதலாமவரைத் தேர்ந்தோம். முடிவெடுக்கக் கால்மணி நேரமும் ஆகவில்லை. எவரும் நம்மைக் குறை கூறவில்லை. பிள்ளைகளும் ஒழுங்காகக் கற்றுவருகின்றனர். ஆயினும் “சரிங்க சாமி” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போன காட்சி, சரியான முடிவெடுத்தவர்களுக்கு இருக்கவேண்டிய மன அமைதியை நமக்குத் தர மறுக்கிறது.

இந்த நெருடலோடு இருந்த நாளில்தான் நம் சகோதரியின் மகன் சில இசைப்பதிவுகளை அனுப்பிவைத்தான். ஜாக்கி மெக்லீன் என்னும் அமெரிக்கச் சாக்ஸபோன் கலைஞரின் பதிவுகள் அவை. சாக்ஸபோன் என்றால் நம்மவர்க்குக் கதிரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். 1994-இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தின் வழியாகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலும் அவர் குழலோசை கேட்டது. அந்தக் குழைவை எதிர்பார்த்து மெக்லீனைக் கேட்பவர் ஏமாந்து போவார். அவர் நாதம் இனிப்பன்று, துவர்ப்பு. சுருதியில் இம்மியளவு மேலே நின்றே அவர் வாசிப்பார். வாழ்நாள் முழுவதும் அதைச் சிலர் குறையென்றனர். சிலர் அதுவே அவர் கையொப்பம் என்றனர். நமக்கு முதலில் காது கூசிற்று. நான்காம் முறை கேட்டபோது, அது உண்மையை மழுப்பாமல் சொல்ல முனையும் ஒருவரின் குரல்போல ஒலித்தது. அதன்பின் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, நாம் கால்மணி நேரத்தில் தீர்த்துவைத்த வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது.

மெக்லீன் 1931-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். கறுப்பின மக்களின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தார். தந்தை கிதார் கலைஞர். மகனுக்கு எட்டு வயதாகும் காலத்திலேயே இறந்துபோனார். தாயை மறுமணம் செய்தவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். இசை கற்க விழையும் ஒரு சிறுவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைவதரிது. அந்தக் கடைக்கு ஒருநாள் வந்த ரிச்சி பவல் என்ற இளைஞர், புகழ்பெற்ற பியானோ மேதை பட் பவலின் தம்பி என்று தெரிந்ததும், அவர் வழியாக அண்ணனின் வீட்டுக்குள் நுழையும் பேறு சிறுவனுக்குக் கிட்டிற்று. பாடத்திட்டமும் கட்டணமும் இல்லாத கல்வி அது. பியானோவின் அருகே நின்று, மூத்தவர் வாசிப்பதைக் காதால் வாங்கித் தன் குழலில் ஊதவேண்டும். நம் நாட்டுக் குருகுல முறை இதனின்று வெகுதூரத்தில் இல்லை.

அதே தெருக்களில் வளர்ந்த நண்பர் சன்னி ராலின்ஸ். மெக்லீனைவிட எட்டு மாதம் மூத்தவர். பின்னாளில் உலகறிந்த சாக்ஸபோன் கலைஞர். இவர்கள் இளைஞர் அனைவருக்கும் அன்று ஒரே தெய்வம் இருந்தது. அதன் பெயர் சார்லி பார்க்கர்.

பார்க்கர் 1920-இல் கான்சஸ் நகரில் பிறந்தவர். ஜாஸ் இசையின் இலக்கணத்தையே 1940களில் மாற்றியமைத்தவர்களுள் முதல்வர் எனலாம். ஆல்ட்டோ சாக்ஸபோனில் அவர் வாசித்த வேகமும், அந்த வேகத்திலும் சிதறாத தெளிவும், துயரத்தையும் களிப்பையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆற்றலும் இன்று கேட்பவரையும் திகைக்கவைக்கின்றன. அவர் பதின்ம வயதிலேயே ஹெராயினுக்கு அடிமைப்பட்டவர். இவ்விரண்டும் ஒரே உடலில் இருந்தன. காண்பவர் கண்ணுக்கு ஒன்று மற்றொன்றின் காரணம்போலத் தோன்றியதுதான் கேடு. உலகப் போருக்குப் பின் ஹார்லெம் தெருக்களில் ஹெராயின் வெள்ளமாய்ப் பாய்ந்த காலம் அது. பார்க்கரின் அடியொற்றி நடக்க விரும்பிய இளைஞர் பலர், அவருடைய விரல்களைப் பின்பற்ற முடியாதபோது அவருடைய ஊசியைப் பின்பற்றினர். மெக்லீன், ராலின்ஸ் இருவரும் அவர்களுள் அடங்குவர்.

இங்கு ஒரு செய்தியைக் கருதவேண்டும். பார்க்கர் எவரையும் அவ்வழிக்கு அழைத்தவரல்லர். போதையில் நன்றாக வாசிக்க முடிகிறது என்று சொல்லும் கலைஞன் பொய் சொல்கிறான் என்று 1949-இல் ஓர் இசையிதழுக்கு அளித்த நேர்காணலில் வெளிப்படையாகவே கூறினார். எனினும் இளைஞர்கள் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை? அவர் வாய் ஒன்றைச் சொன்னது. அவர் குழல் வேறொன்றைச் சொல்வதுபோல் இருந்தது. குழலின் சான்றே வலுவாயிற்று.

பழைய ஞானோபதேச நூல்களில் ‘துர்மாதிரிகை’ என்ற சொல்லைக் கண்டிருப்பீர்கள். இன்று ‘இடறல்’ என்கிறோம். புனித தோமா அக்குவினார் இதனை ஆராயும்போது, இடறல் தருபவர் பக்கம் ஒன்று, அதனால் இடறுபவர் பக்கம் ஒன்று எனப் பிரித்து, ஒன்றில்லாமல் மற்றொன்று நிகழக்கூடும் என்பார். தருபவர் விரும்பாமலேயும் ஒருவர் இடறலாம். பார்க்கரின் நிலையை இந்தப் பாகுபாட்டில் எங்கே வைப்பது? அவர் விரும்பவில்லை, எச்சரித்தார். ஆனால் எச்சரித்த வாயோடு அடுத்த வேளை மருந்துக்கு அலைந்தார். மெக்லீனிடமே சாக்ஸபோனை இரவல் வாங்கி அடகு வைத்ததும் உண்டு என்பார்கள். அவருடைய வேதனை நடிப்பன்று என்றே நினைக்கிறோம். தம்மால் கெட்டவர்களைக் கண்முன் கண்டும் தம்மை நிறுத்திக்கொள்ள இயலாதவரின் நிலையை நினைத்தால், நூல்களின் பாகுபாடு போதாமல் போகிறது. 1955 மார்ச் 12 அன்று அவர் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதைக் கடந்தவர் என்று மதிப்பிட்டாராம்.

மெக்லீன் தம் இருபதாம் வயதில், 1951-இல், மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டில் வாசித்துவிட்டார். பின்னர் சார்லஸ் மிங்கஸின் குழுவில் சேர்ந்தார். மிங்கஸ் முரட்டு மனிதர். இருவருக்கும் கைகலப்பே நேர்ந்ததுண்டு. ஆனால் பார்க்கரின் நிழலாக வாசிப்பதை விட்டு உன் குரலைத் தேடு என்று இடைவிடாது இடித்துரைத்தவரும் அவரே. அதற்கு மெக்லீன் பின்னாளில் நன்றி பாராட்டினார். ஆசிரியரின் வன்மையை மன்னித்து அவர் தந்த உண்மையை மட்டும் எடுத்துக்கொள்ளும் பக்குவம் மாணவனுக்கு வாய்க்கும்போது கல்வி முழுமை பெறுகிறது. வாய்க்காதபோது? அடி மட்டும் எஞ்சும். மிங்கஸைப் போன்ற ஆசிரியர்களை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

இதற்கிடையே நியூயார்க் நகரின் சட்டம் மெக்லீன்மீது கைவைத்தது. மதுபானம் விற்கும் விடுதிகளில் இசைக்க விரும்புவோர் காவல்துறையிடம் ஓர் அனுமதி அட்டை பெறவேண்டும் என்னும் விதி 1940 முதல் 1967 வரை அந்நகரில் இருந்தது. போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அட்டை கிடையாது. பார்க்கர் இழந்தார், தெலோனியஸ் மங்க் இழந்தார், பில்லி ஹாலிடே இழந்தார், மெக்லீனும் இழந்தார். மது ஆறாய் ஓடும் அறையில் ஒழுக்கம் காப்பதற்காக, அங்குக் குழலூதிக் குடும்பம் காத்தவரை வெளியே நிறுத்திய சட்டம் இது. நோயுற்றவனின் நோயைத் தீர்க்க ஒரு காசும் செலவிடாமல் அவன் சோற்றை மட்டும் பறிக்கிறது. இப்படி எழுதும்போதே நம் கை சற்றுத் தயங்குகிறது. நம் பங்கு அலுவலகத்திலும் அப்படியோர் அட்டையை நாம் எழுதாமலே வைத்திருக்கவில்லையா?

விடுதிகள் மூடியதால் அவருக்கு இருவழிகள் எஞ்சின. ஒன்று இசைத்தட்டு. புளூ நோட் நிறுவனத்துக்காக 1959 முதல் 1967 வரை அவர் தலைமையேற்றுப் பதிவு செய்தவை ஏராளம். மற்றொன்று எதிர்பாராதது. ‘த கனெக்ஷன்’ என்ற நாடகம் 1959-இல் நியூயார்க்கில் மேடையேறியது. போதை கொண்டுவருபவனுக்காக ஓர் அறையில் காத்திருக்கும் மனிதர்களைப் பற்றிய கதை. காத்திருப்போருள் இசைக்கலைஞர்களும் உண்டு. அவர்கள் மேடையிலேயே வாசிப்பார்கள். மெக்லீன் அதில் நடித்தார், வாசித்தார். 1961-இல் அது திரைப்படமாகவும் வந்தது. மேடையில் போதைக்குக் காத்திருப்பதாக நடித்துவிட்டு, திரை விழுந்தபின் உண்மையிலேயே அதற்காகக் காத்திருக்கும் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அப்போது மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். டாலி என்னும் அந்த மனைவியைப் பற்றி இசை நூல்கள் போதிய அளவு எழுதவில்லை. அவர் இல்லையேல் பின்வருவன எவையும் இல்லை.

இசைக்குழுத் தலைவராக மெக்லீன் நடந்துகொண்ட முறை நம் வினாவுக்கு மிகவும் அண்மையது. பெயர் பெற்றுவிட்ட நிலையில், ஆர்னெட் கோல்மன் என்பவர் ஜாஸின் பழைய வரம்புகளை உடைத்துக்கொண்டு வந்தார். பெயர் பெற்ற பலர் அவரை எள்ளினர். மெக்லீன் எள்ளவில்லை, கற்றார். 1962-இல் பதிவு செய்த ‘லெட் ஃப்ரீடம் ரிங்’ என்ற தொகுப்பில் தாம் அறிந்த இலக்கணத்தை ஒதுக்கிவைத்துப் புதிதாகத் தொடங்கினார். அவருடைய துவர்ப்பொலி அதில் சில இடங்களில் அலறலாகவே மாறுகிறது. அவற்றுள் ஒரு பாட்டுக்குத் தம் மகளின் பெயரை இட்டிருந்தார்.

அடுத்து, பாஸ்டன் நகரில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் முரசுத் தொகுதி வாசிப்பதைக் கேட்டு, அவனை நியூயார்க்குக்கு அழைத்துவந்தார். டோனி வில்லியம்ஸ் என்பது அவன் பெயர். 1963-இல் பதிவான ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ தொகுப்பில் அவன் வாசிக்கிறான். பாபி ஹட்சர்சன், கிரேஷன் மொன்கர் ஆகிய இளைஞர்களும் உடன் வாசிக்கின்றனர். அதே ஆண்டில் மைல்ஸ் டேவிஸ் அச்சிறுவனைக் கேட்டுத் தம் குழுவுக்கு எடுத்துக்கொண்டார். டோனியின் பெயர் உலகெங்கும் பரவிற்று. தம் குழுவின் உயிர்நாடியைப் பெரியவர் ஒருவர் கேட்கும்போது விட்டுக்கொடுப்பது எந்தத் தலைவருக்கும் கசக்கும். மெக்லீன் விட்டுக்கொடுத்தார்.

பாஸ்டனிலிருந்து ஒரு சிறுவனைப் பெயர்த்துக்கொண்டுவந்த அந்த மனிதர் அப்போது போதையின் பிடியிலிருந்து முற்றும் விடுபட்டவர் என்று சொல்வதற்கில்லை. அவர் மீண்டது 1960களின் நடுப்பகுதியில். அந்தச் சிறுவன் நம் பங்கைச் சேர்ந்தவனாயிருந்து, அவன் தாய் நம்மிடம் வந்து ஆலோசனை கேட்டிருந்தால் அனுப்பென்று சொல்லியிருப்போமா? சொல்லியிருக்க மாட்டோம். இன்று கேட்டாலும் சொல்லமாட்டோம். ஆனால் நம் அறிவுரையின்படி நடந்திருந்தால் அந்தச் சிறுவன் இழந்திருக்கக்கூடியது கொஞ்சமன்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

1968-இல் மெக்லீன் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஹார்ட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். ஹார்ட்ஃபோர்டு காப்பீட்டு நிறுவனங்களின் நகரம் எனப் பெயர் பெற்றது. ஜாஸ் உலகின் வரைபடத்தில் அதற்கு இடமில்லை. வயது 37, இசைத்தட்டு நிறுவனம் கைவிட்டு ஓராண்டாகியிருந்தது. முதலில் நியூயார்க்கிலிருந்தே போய்வந்தார். பின்னர் அங்கேயே குடியேறினார். கறுப்பின மக்களின் இசையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் துறையை அங்கே உருவாக்கினார். 1980-இல் ஜாஸ் படிப்புக்குப் பட்டம் வழங்கும் நிலை வந்தது. 2000-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்துக்கு அவர் பெயரையே சூட்டினர். ஸ்டீவ் டேவிஸ், ஏப்ரஹாம் பர்ட்டன், ஜிம்மி கிரீன், வெயின் எஸ்கோஃபரி எனப் பெயர்பெற்ற கலைஞர் பலர் அவரிடம் பயின்றவர்கள். டேவிஸ் பின்னாளில் அதே இடத்தில் ஆசிரியருமானார்.

ஆனால் நம்மை மிகவும் கவர்ந்தது பல்கலைக்கழகம் அன்று. 1970-இல் அவரும் டாலியும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து நகரின் வடபகுதியில், வறுமை மிகுந்த கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ வழியினரும் வாழும் பகுதியில், ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் கலெக்டிவ்’ என்ற கலைக்கூடம் ஒன்றைத் தொடங்கினர். நடனம், நாடகம், இசை, ஓவியம் ஆகியன அங்குக் கற்பிக்கப்பட்டன. வருகின்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் கலைஞராகப் போவதில்லை என்பது தொடங்கியவர்களுக்கே தெரியும். பள்ளி விட்டபின் இருட்டும்வரையுள்ள சில மணி நேரத்தில் தெரு ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதை மெக்லீனைவிட அறிந்தவர் எவர்? அந்த மணிநேரத்தைத் தெருவிடமிருந்து பறித்து ஒரு முரசிடமோ குழலிடமோ கொடுப்பதே நோக்கம். நிலையான புதுக் கட்டடம் எழ 29 ஆண்டுகள் ஆயின. 1999-இல்தான் அது திறக்கப்பட்டது. அந்த 29 ஆண்டுகளையும் நன்கொடைப் பட்டியலும் கூட்டக் குறிப்பேடுமாகச் சுமந்தவர் டாலி. பங்கு நடத்துகிறவர்களுக்கு அது எத்தகைய உழைப்பு என்று விளக்கவேண்டியதில்லை.

இனி வினாவுக்கு வருவோம். தவறியவர் ஆசிரியராகலாமா?

விரைவாக ‘ஆகலாம்’ என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணம் நமக்கு உடன்பாடன்று. விழுந்தவருக்கே பள்ளத்தின் ஆழம் தெரியும். ஆகவே விழுந்தவரே வழிகாட்டத் தக்கவர் என்பர். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் இது வீழ்ச்சியை ஒரு தகுதியாக்கிவிடுகிறது. ஊசி வாசிப்பைக் கூட்டும் என்று நம்பிய ஹார்லெம் இளைஞர்களின் பிழையே வேறு உடையில் திரும்பி வருகிறது. விழாதவர் கற்பித்ததற்கும் அதே வரலாற்றில் சான்றுண்டு. கிளிஃபோர்டு பிரவுன் என்னும் எக்காளக் கலைஞர் போதையின் பக்கமே போகாதவர். ராலின்ஸ் 1955-இல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று மீண்டு, மறுபடியும் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சியிருந்த காலத்தில் பிரவுனின் குழுவில் சேர்ந்தார். தூய வாழ்வு வாழ்ந்துகொண்டே தலைசிறந்த இசைஞனாக இருக்கமுடியும் என்பதை அவரிடம் கண்டதாக ராலின்ஸ் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். பிரவுன் உபதேசம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று வாசித்தார், அவ்வளவுதான். பார்க்கரின் எச்சரிக்கை செய்யாததை பிரவுனின் இருப்பு செய்தது. 1956 ஜூன் 26 அன்று மழையிரவில் நேர்ந்த கார் விபத்தில் பிரவுன் மாண்டார், வயது 25. அதே காரில் மாண்டவர்களுள் ஒருவர், முன்பு இசைத்தட்டுக் கடைக்கு வந்து மெக்லீனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்ட ரிச்சி பவல்.

ஆகவே வீழ்ச்சி தகுதியன்று. அப்படியானால் அது தடையா?

இவ்விடத்தில் நம் பழைய பாடம் ஒன்று குறுக்கிடுகிறது. தகுதியற்ற குரு நிறைவேற்றினாலும் திருவருட்சாதனம் செல்லும் என்று புனித அகுஸ்தினார் தொனாத்தியரை மறுத்து நிலைநாட்டினார். ஏனெனில் செயல்படுபவர் குரு அல்லர். நாமும் அந்தக் கோட்பாட்டின் நிழலில் அன்றாடம் பிழைத்துவருபவரே. ஆனால் வகுப்பறைக்கு அந்தக் காப்பு இல்லை. ஆசிரியர் கற்பிப்பது அவர் வழியாகவே செல்கிறது. அவருடைய மூச்சு, அவருடைய பொறுமை, அவருடைய பொய், எல்லாம் கலந்தே செல்கின்றன. எனவே ஆசிரியரின் வாழ்வு ஒரு பொருட்டன்று என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சான்றிதழ் கேட்டது பிழையில்லை. வரலாறு கேட்டதும் பிழையில்லை.

எங்கே பிழைத்தோம் என்றால், வரலாற்றைப் பாதியில் கேட்டு நிறுத்தியதில்தான். மெக்லீன் தம் கடந்த காலத்தை மறைக்கவில்லை. எழுத்தாளர்களிடம் சொன்னார், மாணவரிடம் சொன்னார், 2001-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஜாஸ் வரலாற்றுத் தொடரிலும் முகம் காட்டிச் சொன்னார். அந்தச் சொல்லில் பெருமை இல்லை. தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொள்ளும் காட்சியும் இல்லை. இது நடந்தது, இதனால் இவ்வளவு இழந்தேன் என்னும் கணக்கே இருந்தது. பார்க்கருக்கும் மெக்லீனுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் இங்கேதான் காண்கிறோம். இருவரும் இளைஞரை எச்சரித்தனர். ஒருவரின் எச்சரிக்கைக்குப் பின்னால் அடுத்த வேளை மருந்து காத்திருந்தது. மற்றவரின் எச்சரிக்கைக்குப் பின்னால் ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வகுப்புக்கு வந்துசேர்ந்த 38 ஆண்டுகள் இருந்தன. சொல் ஒன்றே. அதைத் தாங்கும் நிலம் வேறு.

ஆனால் 38 ஆண்டுகள் என்பது முடிவில் தெரிந்த கணக்கு. 1968-இல் அவரை அழைத்தவர்களுக்கு அது தெரியாது. மீண்டு சில ஆண்டுகளே ஆன ஒருவரிடம், பட்டமேதும் இல்லாத ஒருவரிடம், அவர்கள் மாணவரை ஒப்படைத்தனர். நல்லவிதமாக முடிந்ததால் அவர்கள் அறிவாளிகள் ஆயினர். மெக்லீன் மறுபடியும் விழுந்திருந்தால் அதே செயலுக்காக அவர்கள் பொறுப்பற்றவர் எனப்பட்டிருப்பர். அறநெறி நூல்கள் முடிவைக்கொண்டு செயலை அளக்கலாகாது என்கின்றன. அப்படியானால் 1968-இல், முடிவு தெரியாத அந்த வேளையில், அவர்கள் செய்தது சரியா? நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். அந்த முடிவின் ஆபத்தை அவர்களும் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே நமக்குக் கிடைத்த விடை. தனி வகுப்பறையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. துறை, உடன் பணியாளர், நகரின் பெற்றோர், எல்லாவற்றுக்கும் மேலாக டாலி எனப் பலர் சூழ அவர் பணிசெய்தார். தவறி மீண்டவரைத் தனியே நிறுத்தி, ‘இனி விழமாட்டாயா?’ என்று கேட்டால் அவரால் நேர்மையாக விடை சொல்லமுடியாது. எவராலும் முடியாது.

நாம் அன்று அந்த ஆர்மோனியக்காரரிடம் கேட்டது அதே கேள்வி. அவர் சற்றுநேரம் தரையைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வரைக்கும் இல்லீங்க சாமி” என்றார். அந்த விடையைத் தயக்கம் என்று நாம் பொருள்கொண்டோம். அது துல்லியம் என்று இப்போது தோன்றுகிறது. அவரோடு உடனிருக்க இன்னொருவரை வைத்திருக்கலாம். ஆறு மாதம் பார்த்திருக்கலாம். வகுப்பைக் கோயில் முற்றத்திலேயே நாற்புறமும் பார்வையில் நடத்தியிருக்கலாம். இவற்றுள் ஒன்றும் நமக்கு அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கால்மணி நேரத்தில் முடிந்திராது. பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அதில் ஒரு பங்கு உண்மை. நம் பெயரைக் காக்கவேண்டும் என்பதும் அதில் ஒரு பங்கு. எது எவ்வளவு என்று பிரித்துக்காட்ட நமக்கு இன்னும் துணிவு வரவில்லை.

மெக்லீன் 2006 மார்ச் 31 அன்று ஹார்ட்ஃபோர்டில் இறந்தார். வயது 74. அவர் ஆசிரியப் பணியைப் படம்பிடித்த சிறு ஆவணப்படம் ஒன்றுண்டு. 1980 அளவில் வந்தது. கல்லூரி வகுப்பில் மாணவரிடையே அவர் பேசுகிறார், வாசித்துக் காட்டுகிறார். சுருதியில் இம்மியளவு மேலே நிற்கும் அதே ஒலி. அந்தக் குழலோடு சேர்ந்து வாசிக்க அமரும் மாணவன் தன் சுருதியை அவருக்கு ஏற்றிக்கொள்வதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று ஒவ்வொரு முறையும் முடிவுசெய்தாக வேண்டியிருந்திருக்கும். அவரிடம் பயின்று வந்தவர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டால் ஒவ்வொருவர் ஒலியும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது.

சென்ற வாரம் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் சென்றபோது அந்த ஆர்மோனியக்காரரின் தெரு வழியாகத் திரும்பினோம். வீட்டுத் திண்ணையில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தனர். நம் பங்குப் பிள்ளைகள்தாம். உள்ளேயிருந்து கட்டைகளின் ஒலி வந்துகொண்டிருந்தது. நம்மைக் கண்டதும் பையன்கள் எழுந்து நின்று தோத்திரம் சொன்னார்கள், ஒலி நின்றுவிட்டது. நாம் வண்டியை நிறுத்தினோமேயன்றி இறங்கவில்லை. சற்றுநேரம் நின்றபின் புறப்பட்டோம். தெருமுனை திரும்பும்போது மறுபடியும் வாசிக்கத் தொடங்கியிருந்தார்.